எங்கள் ஊரில் யாரும் சும்மா இல்லை

இந்த வயதிலும் ரேடியோ ரிப்பேர் கடையைக் கடந்து போனால் என் கால் தானாக நின்றுவிடும். அப்படிப்பட்ட கடைகள் இப்போது குறைந்து போய்விட்டன. செல்போன் கடையின் மூலையில் யாராவது ஒரு பையன் குனிந்து உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பான். ஒயரைப் பற்றவைக்கிற சூட்டுக்கோலின் முனை ஈயத்தைத் தொட்டதும் நூல் மாதிரி ஒரு புகை எழும். குங்கிலியம் கருகுவதுபோல ஒரு வாசனை வரும். என்ன வேண்டும் என்று அந்தப் பையன் கேட்பான். எதுவும் வேண்டாம், சும்மா பார்க்கிறேன் என்பேன். அது சுத்தப் பொய். எனக்கு அவன் கையில் இருக்கும் சூட்டுக்கோல் வேண்டும். பதினேழு வயதிலிருந்தே வேண்டும்.

எங்கள் ஊர் பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஊரில் பாதி கோயில் தெரு, பாதி மாரியம்மன் தெரு. கோயில் என்று நாங்கள் சொல்வது மாதா கோயிலை. இரண்டு தெருவும் மானாவாரி நிலத்தையும் மேகத்தையும் நம்பிப் பிழைத்தவை. அதனால் சாமியில் வேறுபாடு இருந்ததே தவிர, பஞ்சத்தில் இல்லை. சேலம் போகிற வண்டியும் ஜோலார்ப்பேட்டை போகிற வண்டியும்தான் எங்களுக்குக் கடிகாரம். அந்த வண்டிகள் எங்கேயோ போகின்றன என்பது சின்ன வயதில் எனக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான் அது நெஞ்சில் உறைக்க ஆரம்பித்தது.

கோயில் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின முதல் பெண் நான். அப்பா அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். காரிமங்கலம் சந்தைக்கு மாடு பார்க்கப் போனவர், மாட்டின் பல்லைப் பார்க்காமல் மாட்டுக்காரனிடம் என் மார்க்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். கூடப் போன சித்தப்பா வந்து சொல்லிச் சிரித்தார். மாடு கைவிட்டுப் போனதில் அப்பாவுக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

ஆனால் பாஸ் பண்ணின பிறகு என்ன என்பது அவருக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே போய் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தோம். என்னோடு படித்த பையன்களும் பதிந்தார்கள். பதிந்துவிட்டு வந்து ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் படுத்தார்கள். மழை பெய்தால் ஏர் பிடிப்பார்கள், மற்ற நாளில் மரம். நான் பெண் என்பதால் எனக்கு மரமும் இல்லை, அடுப்படிதான்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லி அந்தச் செய்தியைச் சொன்னார். மேல்நாட்டில் பணக்கார தேசங்களெல்லாம் கூடிப் பேசியிருக்கிறார்களாம். ஏழை நாடுகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கிற இளம் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் வழி செய்வது என்று முடிவாம். இத்தனை காலம் கோதுமையும் பால்பவுடரும் அனுப்பியாயிற்று, அதைத் தின்று தீர்த்தால் மறுபடி பசிக்கும், இனிமேல் பிள்ளைகளின் கைக்கு வேலையைக் கொடுப்போம் என்பதுதான் புதிய கொள்கையாம். நம் மாநிலத்தில் ஒரு பயிற்சி நிலையம் வைக்கப் போகிறார்கள். எங்கே வைப்பது என்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நம் ஊரையும் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை விரித்துக் காட்டினார். பையன்களுக்கு லேத்து மிஷின். பெண்களுக்கு ரேடியோ ஒயரிங். அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு நாட்டுப் பெண்கள் நீளமான மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சூட்டுக்கோல். யாரும் படம் எடுக்கிறவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அதுவரை நான் பார்த்த பெண்களின் படங்களெல்லாம் யாரையாவது பார்த்துச் சிரிக்கிற படங்கள். இங்கே கற்றுக்கொண்டால் பெங்களூரில் பெண்களை வேலைக்கு எடுக்கிற தொழிற்சாலைகள் இருக்கின்றன என்று சாமியார் சொன்னார். அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி, அடுப்பில் சுட்டு, கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டை அதைக்கொண்டு உருக்கி, இரண்டு நூலை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது. அடுத்த நாள் நூலுக்குப் பதில் கம்பி. கை நடுங்காமல் ஒரே ஒரு சொட்டு, அதற்குமேல் விழக்கூடாது. அம்மா மெழுகு நாற்றம் சோற்றில் ஏறுகிறது என்று கத்தினாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சந்தையிலிருந்து திரும்பும்போது எனக்குப் புதுச் செருப்பு வாங்கிவந்தார். வீட்டுக்குள் செருப்பு போட்டுத் திரிகிற வழக்கம் எங்களுக்கு இல்லை, கோயிலுக்கும் வெறுங்காலோடுதான் போவோம். பெங்களூர் போனால் தங்குவதற்குக் கன்னியர் மடம் இருக்கிறதா என்று சாமியாரிடம் அவரே கேட்டு வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு நடந்ததைக் கேட்டால் என் அப்பா என்னை அனுப்ப மனசில்லாதவர் என்று யாராவது நினைக்கக்கூடும். என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான்.

அந்த மெழுகுக்கும் செருப்புக்கும் வெகுகாலம் முன்னால் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயில் வளாகத்தில் பால்பவுடர் கொடுப்பார்கள். கரைத்துக் கொடுக்கிற பாலைவிட, கொட்டிச் சிந்துகிற பவுடரில்தான் எங்களுக்குக் கண். உள்ளங்கையில் கொட்டி நக்கினால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் தோண்டித் தோண்டி எடுப்போம். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் வந்து எங்கள் வரிசையைப் படம் எடுத்தார். பல மாதம் கழித்து அந்தப் படம் ஒரு பத்திரிகையில் அச்சாகி வந்தது. மூக்கு ஒழுக, தோளில் கிழிந்த கவுனோடு, தகரக் குவளையை நீட்டிக்கொண்டு ஒரு பெண். அது நான்தான். அந்தக் கவுன் அன்று காலையில்தான் புளியமரம் ஏறிக் கிழிந்தது. நல்ல கவுன் வீட்டில் மடித்து இருந்தது. இதெல்லாம் படத்தில் தெரியுமா?

அப்போதிருந்த சாமியார் அதைச் சந்தோஷமாக அப்பாவிடம் காட்டினார். அப்பா நெடுநேரம் பார்த்தார். நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், இனிமேல் பிள்ளையைப் பாலுக்கு அனுப்பாதே என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் அந்தப் பவுடர் வரவே இல்லை. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளின் மேலண்ணத்தைப் பார்த்து நான் ஏங்கியது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவுக்குள் அந்தப் படம் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

மேல்நாட்டு ஆட்கள் வருகிற நாள் நெருங்கியதும் ஊர் கூடியது. மாரியம்மன் தெருவின் ஊர்க்கவுண்டரும் கோயில் தெருப் பெரியவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். சாமியார் விருந்தாளிகளை அழைத்துவரச் சேலம் போய்விட்டார். வேலையில்லாத பிள்ளைகளுக்கு என்று அவர் சொல்லியிருந்தாரே, அந்த வார்த்தைதான் எல்லாரையும் குத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் சும்மா இருக்கிறான் என்று பெயர் வந்தால் அவனுக்கு ஒருவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். வானம் பொய்த்து வருஷத்தில் பாதி நாள் எல்லாருமே சும்மாதான் இருந்தோம். ஆனால் அதை வாயால் சொல்வது வேறு. அவரவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக அந்தப் பயிற்சி வருகிறது என்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அப்பா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். நான் பெண்கள் பக்கம் நின்று கேட்டேன்.

"உழவு மாடு எரவல் கேட்டு ரெண்டு பேரு வர்றாங்கன்னு வெச்சிக்கோங்க. யாருக்குங்க குடுப்போம்? பாடுபடறவனுக்கா, கட்டல்ல படுத்துக் கெடக்கறவனுக்கா? மாட்டுக்கே இப்பிடின்னா, அது லட்ச ரூபா மிஷினுங்க. சும்மா திரியற பசங்க ஊர்ல கொண்டாந்து எறக்குவானா?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதில் என்ன தப்பு இருக்கிறது? இரவல் கொடுத்து வாங்கிப் பிழைத்த ஜனங்கள் நாங்கள். இல்லாதவனுக்குத் தேடிப் போய்க் கொடுக்கிறவனை நாங்கள் பார்த்ததே இல்லை. இருப்பவனுக்குத்தான் கொடுப்பார்கள், உழைப்பவனை நம்பித்தான் கொடுப்பார்கள். ஆகவே, ஆட்கள் வருகிற அன்று ஊரில் ஒரு பிள்ளைகூடச் சும்மா நிற்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். மீசையை நன்றாக முறுக்கிவிட்டால் கூழ் தானாக வரும் என்று எங்கள் ஊர் நம்பியது.

ஈஸ்டர் முடிந்த கையோடு அவர்கள் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்த நாள். ஒரு சொட்டு மழை இல்லாத, ஒரு விதை போட வழியில்லாத காலம். ஆனால் ஜீப் ஊருக்குள் நுழைந்தபோது எல்லா மானாவாரிக் காட்டிலும் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. பாறையாக இறுகிக் கிடந்த மண்ணில் பையன்கள் உழுதுகொண்டிருந்தார்கள். பொங்கலுக்குத் தீட்டுகிற மாதிரி மாட்டுக் கொம்புக்கெல்லாம் வர்ணம். ஒருத்தனுக்கு ஏரில் மண்ணைக் கிழிக்கிற கொழு உடைந்துவிட்டது. விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்று அவன் கொழு இல்லாத ஏரையே ஓட்டிக்கொண்டு போனான். வற்றின கிணற்றில் நாலைந்து பேர் இறங்கி, போன மாதம் தூர் வாரின இடத்திலேயே மறுபடி தூர் வாரினார்கள். ஸ்டேஷன் புளியமரத்தடி வெறிச்சென்று கிடந்ததாம். ரயில்வே போர்ட்டர், ஊரில் ஏதாவது எழவு விழுந்துவிட்டதோ என்று விசாரித்தாராம்.

ஜீப்பில் வந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரர், ஒரு வெள்ளைக்காரம்மா, தர்மபுரியிலிருந்து ஓர் அதிகாரி, மெட்ராஸிலிருந்து மொழிபெயர்க்க வந்த ஒருவர், எங்கள் சாமியார். அந்த அம்மா உயரம். வெயிலில் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. ஆனால் முகம் சுளிக்கவில்லை. கையில் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்தார்.

மெட்ராஸ்காரர் நல்ல தமிழில் ஊர்க்கவுண்டரைக் கேட்டார். படித்துவிட்டு வேலையில்லாத இளைஞர்கள் இங்கே எத்தனை பேர்?

"அப்பிடி யாரும் எங்க ஊர்ல இல்லீங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "நீங்களே பாக்கறீங்களே. எல்லாரும் வேலையிலதான இருக்காங்க."

தர்மபுரி அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் மாவட்டத்தின் மானம் காப்பாற்றப்பட்டது என்று நினைத்திருப்பார். சாமியாரின் முகம்தான் வெளுத்தது. அவர் அந்த அம்மாவிடம் அவசர அவசரமாக இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, உழுதுகொண்டிருந்த காட்டைக் கையால் காட்டினார். கண்ணுக்கு எதிரே ஓடுகிற ஏரை எந்த இங்கிலீஷால் நிறுத்துவது?

கடைசி முயற்சியாகச் சாமியார் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் பேசுங்கள் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. வாசலில் கட்டிலைப் போட்டு, மாரியம்மன் தெருவிலிருந்து அம்மா இரவல் வாங்கிவந்த நாற்காலிகளைப் போட்டு, உட்கார வைத்தோம். பின்னாலேயே ஊரும் வந்து நின்றது. அப்பா துவைத்த வேட்டியும், கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கிற சட்டையும் போட்டிருந்தார். எனக்கு அம்மாவின் பட்டுச்சேலை. கழுத்தில் கிடந்தது சித்தியின் சங்கிலி. நான்தான் எல்லாருக்கும் மோர் கொடுத்தேன்.

அந்த அம்மா மோரைக் குடித்துவிட்டு, தம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியவேண்டும் என்றே கேட்டார். தொழில் கற்றுக்கொள்ள உனக்கு விருப்பமா? வேலைக்குப் போக விருப்பமா?

மெட்ராஸ்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் எத்தனையோ கேள்விகளை எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார். உன் பெயர் என்ன, உன் ஊர் எங்கே, பசு என்ன கொடுக்கும். உனக்கு விருப்பமா என்று என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் என் வாயில் தயாராக இருந்தது. எஸ் மேடம். கிணற்றடியில் சொல்லிப் பார்த்து, மாட்டுத் தொழுவத்தில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த இரண்டு வார்த்தை.

ஆனால் நாலு பேர் கூடின இடத்தில் அப்பா இருக்கும்போது பெண்பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்வதில்லை. அவர் கண்ணால் ஒரு தடவை சரி என்றால் போதும், சொல்லலாம். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் தோளில் தொங்கின கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, மெட்ராஸ்காரரிடம் சொன்னார்.

"எம்பொண்ணு சம்பாரிச்சிட்டு வந்துதான் எங்க வூட்ல அடுப்பு எரியணும்னு இல்லீங்க. ஆண்டவரு புண்ணியத்துல எங்களுக்கு ஒரு கொறையும் கெடயாதுன்னு சொல்லுங்க."

மெட்ராஸ்காரர் அதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றி இங்கிலீஷில் சொன்னார். அதுவும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மா இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். நான் என் கையில் இருந்த மோர்ச் சொம்பைப் பார்த்தேன். ரொம்ப நல்லது என்று சொல்லி அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். பேனா மூடி திருகுகிற சத்தம் என்ன பெரிய சத்தமா? எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. நிச்சயம் நம் ஊருக்குத்தான் என்றார். இந்தத் தடவை நம்மைப் பார்த்துப் பிச்சைக்காரர்கள் என்று யாரும் நினைத்திருக்க முடியாது என்றார். அந்த அம்மா படம் எடுக்காமல் போனதையே ஒரு பெரிய வெற்றியாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, அந்த அம்மாவின் முகம் கடைசியில் சுருங்கிப் போனதே, பார்த்தீர்களா என்றாள். வெயில் என்றார் அப்பா.

அதன் பிறகு காத்திருந்தோம். பையன்களும் காத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்ததும் அப்பா கோயில் வாசலில் நிற்பார். சாமியார் வெளியே வந்ததும், "தோத்திரம் சாமி. மிஷினு எப்ப வருதுங்க?" என்று கேட்பார். பார்ப்போம் என்பார் சாமியார். நான் அப்பாவின் பக்கத்தில் நிற்பேன்.

மழைக்காலம் தொடங்கின சமயம், ஒரு சனிக்கிழமை நான் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது சாமியார் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பயிற்சி நிலையம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. இங்கே பிள்ளைகளுக்கெல்லாம் வேலை இருக்கிறது, பெண்களை வேலைக்கு அனுப்பக் குடும்பங்களுக்கு விருப்பமில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் கூடி உட்கார்ந்து, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நல்லது நினைத்துப் போட்ட கொள்கைதான். யாருக்கு வேலை இல்லையோ அவர்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வேலை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஜனங்களும் உலகத்தில் உண்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அப்பாகிட்ட சொல்லாதேம்மா" என்றார் சாமியார். "அவர் தாங்க மாட்டார்."

நான் சொல்லவில்லை. பூவை வைத்து முடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ரயில் போயிற்று. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது, அழுகையாக வந்தது. தண்டவாளத்துப் பக்கம் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்கும்படியாகக் குடைக்கம்பியை எடுத்து அடுப்பில் சொருகினேன்.

அதுதான் என் வேலையாயிற்று. கம்பியைச் சுடுவது, மெழுகை உருக்குவது, ஒட்டுவது, பிய்ப்பது. நான் நம்பிக்கையோடு இருக்கிறேன் என்று அவர் நினைக்கவேண்டும், அவ்வளவுதான். பாதி அவருக்காகச் செய்தேன் என்றால், பாதி எனக்காகவும்தான் செய்தேன். கம்பி சுடுகிற அந்தக் கொஞ்ச நேரம் நான் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பேன். என் இரண்டு பக்கமும் பெண்கள் இருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அப்பா கேட்பார். சாமியார் பார்ப்போம் என்பார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிக் கேட்டார். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போகிற அன்று, பெட்டி படுக்கையோடு நின்றவரிடமும் கேட்டார்.

புளியமரத்தடிப் பையன்கள் ஒவ்வொருவராக ரயிலேறினார்கள். திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய் ஓட்டலிலும் மில்லிலும் சேர்ந்தார்கள். கொழு இல்லாமல் ஏர் ஓட்டினவன்தான் முதலில் போனான். என் புதுச் செருப்பு கல்யாணத்தன்று காலுக்கு வந்தது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் அவருக்கு ஓசூருக்கு மாற்றலானது. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் வீட்டு முனையில் காலையில் ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கும். சாப்பாட்டு டப்பாவோடு பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் ஏறுவார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கலந்து பேசிச் சிரிப்பார்கள். கண்டக்டர் பேக பன்னி, பேக பன்னி என்று கன்னடத்தில் அவசரப்படுத்துவார். அவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. சூட்டுக்கோல் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

அப்பா ஒரு தடவை எங்களோடு வந்து தங்கினார். வந்த மறுநாளிலிருந்து காலையில் முனைக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். காபிகூடக் குடிக்காமல் போய் நிற்பார். பஸ் வரும், பெண்கள் ஏறுவார்கள், பஸ் போகும், அவர் திரும்பி வருவார். எதற்கு இந்தக் குளிரில் நிற்கிறார் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஊருக்குப் போகிற நாள் காலையில் நான் துண்டை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. துண்டை வாங்கிக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"அன்னிக்கி நான் அப்பிடிச் சொல்லாம இருந்திருந்தா, நீ இதுல ஏறியிருப்ப பாப்பா."

பயிற்சி நிலையம் நம் ஊருக்கு வராமல் போனது எதனால் என்று அவருக்குத் தெரியாது என்றுதான் நான் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"மழக்காலத்துலயே சாமி சொல்லிட்டாரு. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாரு. நீ தாங்க மாட்டியாம்."

"அப்பறம் எதுக்கு வாரா வாரம் எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டு நின்னீங்க?"

கடைசியாக ஒரு பெண் ஓடிவந்து ஏறினாள். உள்ளேயிருந்து ஒருத்தி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நீதான் அந்தக் கொடக்கம்பியச் சுட்டுக்கிட்டே இருந்தியே. நான் கேக்கறத நிறுத்துனா நீ அதத் தூக்கிப் போட்டுடுவ. அதுக்குத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் பார்ப்பதற்காகத்தான் நான் கம்பியைச் சுட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வராத ஒன்றுக்காக நாங்கள் இரண்டு பேரும் அத்தனை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்றிருக்கிறோம்.

பஸ் கிளம்பியது. அப்பா அதன் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மா இன்னொருக்கா வந்து கேட்டா, எம்பொண்ணு சும்மாதாங்க இருக்கா, கூட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்லுவேன்."

எஸ் மேடம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருக்காது. வீட்டில் பிள்ளைகள் எழுந்து அழுகிற சத்தம் வந்தது, இரண்டு பேரும் திரும்பி நடந்தோம்.